அத்தை பார்க்காத ஆட்டம்

தண்டர் பே,
ஏப்ரல் 11, 1993

அன்புள்ள அத்தைக்கு,

மருமகள் கொலீன் எழுதுவது. நானும் உங்கள் பேத்தி பிரினும் உங்கள் பிள்ளை டார்சியும் சுகம். பிள்ளையின் இடது முழங்காலை மட்டும் இந்தச் சுகத்தில் சேர்க்க வேண்டாம், அது தனிக் குடித்தனம் நடத்துகிறது. அங்கே நீங்களும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? கன்று ஈனும் காலம் முடிந்துவிட்டதா? போன கடிதத்தில் சொன்ன அந்தச் செவலைப் பசு நல்லபடியாக ஈன்றதா என்று பிரின் தினமும் கேட்கிறாள்.

தொலைபேசியில் ஹாக்கி என்று வாயெடுத்தாலே நீங்கள் "அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் எழுதினால் மட்டும் படிக்கிறீர்கள். கடிதம் வந்து சேர்வதற்குள் ஆட்டம் முடிந்துபோயிருக்கும், முடிந்துபோனதைக் கெடுக்க முடியாது என்பது உங்கள் நியாயம் என்று மாமா ஒருமுறை சொன்னார். சரி, எனக்கும் எழுதப் பிடிக்கும்.

புது வீட்டுக்கு வந்து ஏழு வாரம் ஆகிறது. புது வீடு என்றால் எங்களுக்குப் புது, அவ்வளவுதான். தட்டு, திரைச்சீலை, கட்டில் எல்லாம் இதற்கு முன் இருந்த ஆட்டக்காரர் குடும்பம் விட்டுப்போனவை. டார்சி அன்றைக்குக் காலையில் அமெரிக்கப் பக்கம் டுலூத்தில் பயிற்சிக்குப் போனார், மதியம் தண்டர் பே ஆட்டக்காரராக வீட்டுக்கு வந்தார். டுலூத் அவர் இரண்டரை வருடம் ஆடிய ஊர். நிர்வாகி கூப்பிட்டு, உன்னைக் கொடுத்து ஒரு சின்னப் பையனை வாங்கியிருக்கிறோம் என்று சொல்லிக் கைகுலுக்கினாராம். மாலையே மூட்டையோடு பஸ் ஏறிவிட்டார். பாத்திரம் பண்டத்தைக் கட்டி, பள்ளிக்கூடத்தில் சொல்லி, பிள்ளையை அழைத்துக்கொண்டு எல்லை தாண்டி வந்தது நான். பழகிவிட்டது. பிரினுக்குத்தான் பழகியதா, வெறுத்ததா என்று புரியவில்லை. கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேலே ஆசிரியை அவள் பெயரைப் பெயின்டில் எழுதப் போனாராம். "சாக்பீஸ் போதும் டீச்சர்" என்றிருக்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதுதான், அத்தை.

உங்கள் ஊர் கனோராவின் பனித்தள அரங்கத்துக்கு மேலாளர் வேண்டும், ஜூன் மாதம் வேலையில் சேர வேண்டும் என்று நீங்கள் எழுதியதை அவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். "அம்மா சொல்றது சரிதான். இதோட முடிச்சுக்கலாம்" என்றார். எனக்குச் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. முப்பத்தாறு வயதில், பத்தாவது அணியில், உங்கள் பிள்ளை ஆட்டத்தை நிறுத்துகிறார். எழுதிவிட்டேன், இனி மாற்றிப் பேச முடியாது.

ஆனால் அத்தை, இந்த வருடம் நாங்கள் இறுதிப் போட்டிக்கு வந்திருக்கிறோம். இத்தனை வருடத்தில் இது முதல் தடவை. பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் வெறும் பாத்திரத்தைப் பார்த்தவர் அவர். இரண்டு ஊர்களில் அவர் கிளம்பிய மறுவருடமே கோப்பை வந்தது. "டார்சியை வாங்கு, ஒரு வருஷம் வச்சிரு, வித்துரு, அப்புறம் கோப்பை உனக்குத்தான்" என்று உடைமாற்றும் அறையில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். ஒரே ஒரு தடவை அந்தக் கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு வீட்டுக்கு வர வேண்டும், அவருக்கு இருக்கும் ஆசை அவ்வளவுதான். எதிர் அணி யார் தெரியுமா? டுலூத். விற்றவர்களோடுதான் ஆட்டம்.

வந்து பாருங்கள் என்று கூப்பிட்டால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். அவருக்குப் பதினேழு வயதில் நீங்கள் மூன்று முறை போய்ப் பார்த்தீர்கள். முதல் முறை தோள் எலும்பு முறிந்தது. இரண்டாம் முறை எட்டு கோல் வாங்கித் தோற்றார்கள். மூன்றாம் முறை, பெரிய அணிகள் பையன்களைத் தேர்ந்தெடுத்த நாளில், மாலைவரை உட்கார்ந்திருந்தும் அவர் பெயரை யாரும் கூப்பிடவில்லை. என் கண் அவனுக்கு ஆகாது என்று அன்றைக்கு எழுந்து வந்தவர், இன்றுவரை ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. மாமா முற்றத்தில் டிரக்குக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோ கேட்கிறார். நான் உங்களைக் கேலி செய்யவில்லை. இந்த ஆட்டக்காரர்களின் வீடுகளில் எல்லோருக்கும் இப்படி ஒன்று உண்டு. தோற்காத வரைக்கும் ஒரே உள்பனியனைத் துவைக்காமல் போடுகிறவரோடு நான் வாழ்கிறேன்.

உங்கள் ஆசீர்வாதம் மட்டும் போதும். அதையாவது இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கொலீன்

* * *

தண்டர் பே,
ஏப்ரல் 24, 1993

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் அட்டை கிடைத்தது. நான்கு வரியில் மூன்று வரி செவலைப் பசுவைப் பற்றி. ஆண் கன்று என்றதும் பிரின் குதித்தாள். நான்காவது வரியில் டார்சியைக் கம்பளிக் காலுறை போடச் சொல்லியிருந்தீர்கள். சொல்லிவிட்டேன்.

இதற்குள் உங்கள் காதுக்குச் செய்தி வந்திருக்கும். கனோரா காபிக் கடையில் இந்நேரம் எத்தனை பேர் நடித்துக் காட்டியிருப்பார்களோ. தொலைக்காட்சியில் விளையாட்டுச் செய்தியின் முடிவில் சிரிப்புக்கென்று ஒரு துண்டு போடுவார்களே, நாடு முழுக்க மூன்று நாளாக அதில் உங்கள் பிள்ளைதான். அவர்கள் சொல்வதைக் கேட்பதைவிட நான் சொல்வதைக் கேளுங்கள்.

முதல் ஆட்டம் டுலூத்தில். இரண்டாம் பகுதியில் ஒன்றுக்கு ஒன்று சமம். டார்சி பனித்தளத்தில் அதிக நேரம் மாட்டிக்கொண்டார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடினாலே மூச்சு வாங்கும், அன்றைக்கு இரண்டு நிமிடம். ரப்பர் வட்டு ஒருவழியாக எதிர்க்கோடிக்குப் போனதும், தலையைக் குனிந்துகொண்டு, ஆள் மாறுவதற்காகப் பெஞ்சுக்குச் சறுக்கி வந்தார். பலகையைத் தாண்டிக் குதித்தார். உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவன் நகர்ந்து இடம் கொடுத்தான். உதவியாளர் தோளில் துண்டைப் போட்டார். இவர் தண்ணீர்ப் புட்டியை எடுத்து முகத்தில் பீய்ச்சிக்கொண்டார். எல்லாம் முறைப்படி நடந்தது. ஒன்றே ஒன்றுதான் தப்பு. அது டுலூத்தின் பெஞ்ச்.

இரண்டரை வருடம் உட்கார்ந்த இடம் அத்தை. கால் அங்கேதான் போனது. அந்தப் பக்கத்தவர்களுக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. துண்டு போட்டவர் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். நம் பெஞ்சில் இவர் வந்தால் இறங்கலாம் என்று ஒரு பையன் பலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஐந்து பேர் ஆட வேண்டிய இடத்தில் நான்கு பேர். இவர் குனிந்து பக்கத்தில் இருந்தவனின் காலுறை நிறத்தைப் பார்த்து நிமிர்வதற்குள் டுலூத் கோல் போட்டுவிட்டது. கோல் போட்ட கையோடு அந்த முழு பெஞ்சும் எழுந்து கட்டிப்பிடித்ததில் இவரையும் ஒருவன் கட்டிப்பிடித்துவிட்டான். தொலைக்காட்சிக்காரர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள்.

அந்த ஒரு கோலில் தோற்றோம். யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். யானை சறுக்கினால் ஊர் பரிதாபப்படும், இதற்குச் சிரிக்கத்தான் செய்யும். நானும் முதலில் சிரித்துவிட்டேன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பயிற்சியாளர் பெல்லமி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்திரிகைக்காரர்களிடம், "அவன் எந்த ஊர்க்காரன்னு அவன் முதல்ல முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் மேல உக்காந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். மேலே என்றால் பார்வையாளர் இருக்கையில், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு. ஆட வேண்டியவரைப் பாப்கார்ன் தின்ன விட்டிருக்கிறார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து குப்பையை வெளியே கொண்டுபோய் வைத்தார். இரண்டு நாளைக்கு முன்பே வைத்தாயிற்று, வெறும் பையைத்தான் கொண்டுபோனார். திரும்பி வந்து சமையலறையில் நின்றபடியே, "எனக்கு ஊரே இல்ல கொலீன். அதான் கால் தடுமாறிப் போச்சு. பத்து சட்டை போட்டவனுக்கு எது தன் சட்டைன்னு எப்படித் தெரியும்?" என்றார். நான் கிழங்கு வெந்துவிட்டதா என்று பார்த்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இந்த மனிதர் இப்படி முடிக்கக் கூடாது அத்தை. தோற்று முடித்தால்கூடப் பரவாயில்லை. சிரிப்புத் துண்டாக முடியக் கூடாது. நாளைக்கு கனோரா அரங்கத்தில் வேலைக்கு நின்றால், பக்கத்து ஊர்ப் பொடியன்கள்கூட "மாமா, எந்தப் பெஞ்ச்ல உக்காரணும்?" என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் பார்க்க மாட்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு நீங்கள் பார்க்கவில்லை. ரேடியோ பக்கம்கூடப் போகவில்லை, கன்றுத் தொழுவத்தில் இருந்தீர்கள் என்று மாமாவே சொன்னார். நீங்கள் பார்க்காமலேயே, இந்த ஆட்டத்தில் யாரும் பார்த்திராத கேடு அவருக்கு வந்து சேர்ந்தது. அப்புறமும் எல்லாப் பழியையும் உங்கள் கண்மேல் போட்டுக்கொண்டு திரிவது நியாயமா? எனக்கென்னவோ உங்கள் கண் பாவம் என்றுதான் தோன்றுகிறது. சும்மா இருந்த கண்ணைப் பத்தொன்பது வருடம் சிறையில் வைத்துவிட்டீர்கள்.

அதிகம் பேசிவிட்டேன். மன்னியுங்கள். விதைப்புக்கு மண் காய்ந்துவிட்டதா? மாமாவின் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கொலீன்

* * *

தண்டர் பே,
மே 9, 1993

அன்புள்ள அத்தைக்கு,

ஜெயித்துவிட்டோம்.

இதை எழுதும் காகிதத்தில் ஒரு மூலை பிசுபிசுவென்று இருந்தால், அது பெர்ஷியன் பன்னின் மேலிருக்கும் இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாகு. கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாக வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். பிரின் மூன்று நாளாக வேறு எதுவும் தின்னவில்லை. உங்கள் பிள்ளை எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஆட்டத்தில் கிழிந்த கீழ் உதட்டில் நான்கு தையல். பத்து வயது குறைந்த மாதிரி இருக்கிறார்.

வரிசையாகச் சொல்கிறேன். இரண்டாம் ஆட்டத்திலிருந்து ஆறாம் ஆட்டம்வரை அவர் எங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த ஆட்டங்கள் அந்த ஐந்துதான். பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள லாயக்கில்லாத மனிதர். யாராவது வட்டைத் தடுக்க விழுந்தால் இவர் என் கால்மேல் விழுகிறார். பின்வரிசையில் ஒரு அம்மாள் தினமும், "ஏம்ப்பா, இன்னைக்காவது எந்தப் பக்கம் கை தட்டணும்னு தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது நாள் அவளுக்கு இவரே காபி வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவளும் எங்களோடு சேர்ந்து பெல்லமியைத் திட்ட ஆரம்பித்தாள்.

ஆறு ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று ஜெயித்திருந்தோம், ஏழாவதில்தான் முடிவு. ஆறாம் ஆட்டத்தில் நம் தடுப்பாட்டக்காரப் பையன் ஒருவனுக்கு மணிக்கட்டு முறிந்தது. ஏழாம் ஆட்டம் இங்கே, தண்டர் பேயில். வேறு ஆள் இல்லை. பெல்லமி வீட்டுக்கே வந்தார், கதவுக்கு உள்ளே வரவில்லை. "நாளைக்கு நீ ஆடுற. பெஞ்ச் எதுன்னு நான் சொல்லணுமா?" என்றார். டார்சி, "வேண்டாம். நம்ம சிவப்புச் சட்டைக்காரன் எவனும் எனக்குத் துண்டு போடல. துண்டு போடாத பெஞ்ச்தான் என்னுது" என்றார். பெல்லமி சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மறுநாள் அரங்கத்துக்குப் போனால், நம் பெஞ்சின் கதவில் பையன்கள் பிரினின் மஞ்சள் கழுத்துத் துணியைக் கட்டி வைத்திருந்தார்கள், கிழவருக்கு அடையாளம் தெரிய வேண்டுமாம். அவளே கழற்றிக் கொடுத்தாளாம், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு சமமாகிக் கூடுதல் நேரத்துக்குப் போனது. முதலில் கோல் போடுகிறவருக்குக் கோப்பை.  டுலூத் நம் பக்கத்திலேயே முற்றுகை போட்டுவிட்டது. அவர்களில் ஒருவன் ஓங்கி அடித்தான். டார்சி குறுக்கே விழுந்தார். வட்டு அவருடைய இடது காலில், அந்தத் தனிக் குடித்தன முழங்காலிலேயே பட்டு, நடுக்கோட்டைத் தாண்டித் தெறித்து ஓடியது. அங்கே ஒரு ஆளும் இல்லை. எல்லோரும் நம் கோல் வாசலில் குவிந்து கிடந்தார்கள்.

எழுந்தார். போனார். அத்தை, உங்கள் பிள்ளையின் வேகம் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பதினேழு வயதில் பார்த்தீர்கள். இப்போது இந்த லீகிலேயே மெதுவான ஆள் அவர்தான், அதையும் அவரே சொல்லிக்கொள்வார். ஐயாயிரம் பேர் எழுந்து நிற்க, முழுப் பனித்தளமும் காலியாகக் கிடக்க, அதில் அவர் ஒரு காலை இழுத்துக்கொண்டு, வண்டி மாடு மேடு ஏறுவது போல் போனார். பின்னால் டுலூத்துக்காரர்கள் இரண்டு பேர் நெருங்கி நெருங்கி வந்தார்கள். பிரின் கண்ணை மூடிக்கொண்டாள். நான் என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது, பின்வரிசை அம்மாள் அதை வெளியே சொல்ல முடியாது என்கிறாள்.

எதிரே கோல் வாசலைக் காத்து நின்றவன் பெயர் யார்மோ. டுலூத்தில் இருந்த காலமெல்லாம் வெளியூர்ப் பயணங்களில் இவருடைய அறைத்தோழன். இவர் குறட்டையில் இருந்து கையசைவு வரை எல்லாம் அவனுக்கு மனப்பாடம். தனியாக வந்தால் டார்சி வலதுபுறம் போவதாகக் காட்டி இடதுபுறம் இழுப்பார். இத்தனை வருடத்தில் அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வித்தை. யார்மோ இடதுபுறம் போய்க் காத்திருந்தான். டார்சி ஒன்றும் காட்டவில்லை. நேராக அடித்தார். அவன் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து உள்ளே போனது.

அரங்கம் இடிந்து விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையில் நின்று கைகுலுக்குமே, அது அன்றைக்கு நகரவே இல்லை. டுலூத்துக்காரர்கள் ஒவ்வொருவரும் இவரை நிறுத்திக் கட்டிப்பிடித்தார்கள். துண்டு போட்ட உதவியாளர்கூடப் பனியில் வழுக்கிக்கொண்டே வந்தார். யார்மோ கண்ணெல்லாம் சிவக்க நின்று, "எத்தனை வருஷமா ஒரே மாதிரி பண்ணிட்டு, இன்னைக்கு மட்டும் ஏண்டா மாத்துன?" என்றானாம். "மாத்தலடா. இழுக்கத் தெம்பு இல்ல. கையில இருந்து அதுவா போயிருச்சு" என்றாராம் இவர். தோற்ற மனிதன் விழுந்து விழுந்து சிரித்ததை நாங்கள் மேலே இருந்து பார்த்தோம்.

கோப்பையை முதலில் அணித்தலைவன் வாங்குவான், அவன் யாரிடம் அடுத்துக் கொடுக்கிறான் என்பதில்தான் மரியாதை எல்லாம். இருபத்து நாலு வயதுப் பையன், கோர்டெல் என்று பெயர். அவன் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுகூடப் போகவில்லை. நேரே டார்சியிடம் வந்து நீட்டினான். உங்கள் பிள்ளை வாங்காமல் நின்றார். ஜெயிப்பதற்கு முன்னால் தொட்டால் கிடைக்காது என்று எந்தக் கோப்பையையும் வாழ்நாளில் தொடாதவர், கிடைத்த பிறகும் தொடப் பயந்தார். "பிடிங்கண்ணே, கனமா இருக்கு" என்றான் பையன். வாங்கினார். தூக்கினார். நான் பார்த்தேன். இனி எனக்கு எத்தனை வீடு மாறினாலும் சரி.

கிளப்காரர்கள் இன்னும் ஒரு வருடம் இரு என்று அங்கேயே கேட்டார்கள். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றார். "ஜெயிச்ச ஊரை விட்டு நானா கிளம்பறது இதுதான் முதல் தடவை. அதை விட மாட்டேன்" என்றார். ஆகவே ஜூன் முதல் வாரம் நாங்கள் அங்கே இருப்போம். கனோரா பள்ளியில் சேரும்போது பெயின்ட் கேட்கலாம் என்று பிரினிடம் சொல்லிவிட்டேன்.

இனி நான் எழுதப்போவதை மாமாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம், அவருக்குத் தெரியும்.

கோல் விழுந்ததும் பிரினைத் தூக்கத் திரும்பினேன். மேலே, பதினோராம் வாசல் பக்கம், படிக்கட்டின் உச்சியில் ஒரு பெண் நின்றாள். தொழுவத்துக்குப் போடும் பழுப்புக் கோட்டு. இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். அவளைச் சுற்றி எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள், அவள் மட்டும் அசையவில்லை. நான் பிள்ளையைப் பின்வரிசை அம்மாளிடம் விட்டுவிட்டுப் படி ஏறினேன். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஆளைக் காணவில்லை.

வாசலில் டிக்கெட் கிழிக்கும் தோய்வோ தாத்தா இருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தம்மாவா? ஆட்டம் ஆரம்பிச்சதுல இருந்து செவுத்தப் பாத்துக்கிட்டே நின்னாங்க. சீட்டு வாங்கிட்டு வந்து செவுரு பாத்த ஆளை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன். சத்தம் வர்றப்பல்லாம் ‘நம்ம பக்கமா, அவங்க பக்கமா’ன்னு என்னையத்தான் கேட்டாங்க. கடைசில நான் சொன்னேன், ‘அம்மா, நாப்பத்துநாலாம் நம்பர் சட்டை தனியா போறாரு. ஆனா ரொம்ப மெதுவா போறாரு. ரெண்டு பேரு பிடிச்சிருவாங்க போல இருக்கு’ன்னு. அப்பத்தான் திரும்புனாங்க. திரும்பி, ‘ஓடுடா டார்சி, ஓடு’ன்னு ஒரு சத்தம் போட்டாங்க பாரு, என் காது இன்னும் அடைச்சிருக்கு."

அரங்கத்தில் இருந்தே உங்கள் வீட்டுக்குத் தொலைபேசினேன். மாமா எடுத்தார். அத்தை எங்கே என்றேன். விதைப்பு எந்திரத்துக்கு ஒரு சாமான் வாங்க யார்க்டன் போயிருக்கிறாள், தங்கிவிட்டு வருவாள் என்றார். யார்க்டன் உங்கள் வீட்டில் இருந்து ஐம்பது கிலோமீட்டர்.  பிறகு அவரே, "ஆமா, அங்க ரோட்டுல பனி ஏதும் இல்லையே?" என்று கேட்டார். இல்லை மாமா, ரோடு காய்ந்து நன்றாக இருக்கிறது என்றேன்.

சொந்தத் தங்கை கல்யாணத்துக்குக்கூடத் தொழுவத்தை விட்டு வராத நீங்கள், விதைப்பு நேரத்தில், பன்னிரண்டு மணி நேரம் தனியாக வண்டி ஓட்டி வந்தீர்கள். எங்கள் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஒரு வாய் சூப் குடிக்கவில்லை. எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கண்ணில் பட்டால் அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் அடுத்த ஆட்டத்துக்கு ஆகாது என்று பயந்துதானே ஓடினீர்கள்? அடுத்த ஆட்டம் இல்லை அத்தை. கெட்டுப்போக இனி ஒன்றும் மிச்சமில்லை.

அவரிடம் நான் சொல்லவில்லை. கோப்பையைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தவர் முதலில் கேட்டது, அம்மாவுக்குச் சொல்லிவிட்டாயா என்றுதான். கடிதம் எழுதுகிறேன் என்றேன். "எழுது. பாத்திருந்தாங்கன்னா…" என்று ஆரம்பித்து, உதட்டுத் தையல் வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டார். தையல் அப்போது போடவே இல்லை.

ஜூனில் வந்து இறங்குவோம். அவர் பூட்சைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார். நீங்கள் முட்டைக்கோஸ் உருண்டையைத் தட்டில் வைப்பீர்கள். முழங்கால் எப்படி என்று கேட்பீர்கள், அவர் பரவாயில்லை என்பார், அப்புறம் பசுக்களைப் பற்றிப் பேசுவீர்கள். உங்கள் இருவரையும் எனக்குத் தெரியும், ஆயுசு முழுக்க அப்படியே பேசிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், தட்டை வைப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "பாத்தேன்டா" என்று.

உங்கள் மகள்,
கொலீன்